கட்டப்படாத ஆஸ்திரேலியப் போர்க்கப்பல்கள்: வரலாற்றை எந்த இடத்தில் திருப்புவது?

‘வரலாறு வேறு மாதிரி போயிருந்தால்?’ என்று கற்பனை செய்து கட்டப்படாத கப்பல்களைப் படமாக வரையும் மாற்று வரலாற்றுக் கப்பல் வரைபவர்களுக்கு ஆஸ்திரேலியக் கடற்படை மேல் தனி ஆசை உண்டு. பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா என்று போனால் அவர்களே பாதிக் கற்பனையைக் கட்டிப் பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கதை வேறு. ஆசை பெரிது, கஜானா சிறிது. 1911-ல் அட்மிரல் ஹெண்டர்சன் கொடுத்த திட்டத்தில் 52 கப்பல்கள் இருந்தன. அதில் எட்டு பேட்டில்குரூசர்கள் (பெரிய பீரங்கியும் அதிக வேகமும் கொண்ட, கவசம் குறைந்த போர்க்கப்பல்கள்). கடைசியில் வந்து சேர்ந்த பேட்டில்குரூசர் ஒன்றே ஒன்று. இடையில் விட்டுப்போன அந்த இடைவெளிதான் வரைபவர்களுக்குத் தீனி. நமக்கும் இது முழுக்க அந்நியமான கடற்படை அல்ல. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய எம்டனை, அதே நவம்பரில் கோக்கோஸ் தீவில் அடித்து முடித்தது ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ குரூசர்தான்.

வரையத் தொடங்குகிறவர்கள் சிக்கிக்கொள்வது தூரிகையில் அல்ல, தேதியில். எந்த ஆண்டில் வரலாற்றைத் திருப்புவது? அடிக்கடி அடிபடும் திருப்பங்கள் நான்கு: 1924-ல் மூழ்கடிக்கப்பட்ட பேட்டில்குரூசரின் இடத்தில் இன்னொன்று, 1973-ல் ரத்தான டி.டி.எல். என்ற இலகு நாசகாரி, 1982-ல் கை நழுவிய ‘இன்வின்சிபிள்’ விமானந்தாங்கி, 2007-ல் தோற்ற வான்பாதுகாப்பு நாசகாரி வடிவமைப்பு. நான்கையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: இந்தக் கப்பல் பிறக்க வேண்டுமானால் வேறு எத்தனை சம்பவங்கள் மாற வேண்டும்? ஒரு அமைச்சரவை முடிவு மாறினால் போதும் என்றால் நல்ல திருப்பம். ஒரு உலகப் போரும் இரண்டு பன்னாட்டு ஒப்பந்தங்களும் மாற வேண்டும் என்றால், நீங்கள் கப்பல் வரையவில்லை, நாவல் எழுதுகிறீர்கள். அதுவும் தப்பில்லை, ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

இரண்டாவது, என் கணக்கில் இதுதான் முக்கியம்: எந்த நிஜக் கப்பலை அழிக்கப் போகிறீர்கள்? சின்னக் கடற்படையில் கூடுதலாக ஒரு கப்பல் சும்மா வராது. அதற்கான பணமும் மாலுமிகளும் இன்னொரு கப்பலிலிருந்துதான் வர வேண்டும். அழிகிற கப்பலின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் அந்தத் திருப்பம் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது டாக், அதாவது கப்பலை உள்ளே நிறுத்தித் தண்ணீரை வடிக்கும் தொட்டி. கட்டுவது எங்கே, அடிப்பாகம் சுரண்டிப் பெயின்ட் அடிக்க ஏற்றுவது எங்கே? நான்காவது, பாகங்கள்: அந்தக் காலத்து பீரங்கி, ராடார், படகு, கிரேன் எல்லாவற்றுக்கும் பார்த்து வரைய நிஜ மாதிரி கிடைக்குமா? ஐந்தாவது உழைப்பு. இதில் பலரும் விட்டுவிடுவது ஆயுள். கப்பல் முப்பது வருஷம் ஓடினால் அது ஒரு படம் அல்ல. கட்டியபோது ஒன்று, முதல் மராமத்துக்குப் பிறகு ஒன்று, ஓய்வுக்கு முன் ஒன்று என்று குறைந்தது மூன்று படம்.

## 1924: பேட்டில்குரூசர்

எல்லோருக்கும் முதலில் கண் போவது இங்கேதான். எச்.எம்.ஏ.எஸ். ஆஸ்திரேலியா (நாட்டின் பெயரையே தாங்கிய அந்த ஒரே பேட்டில்குரூசர்) ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் ஜான் பிரவுன் தளத்தில் கட்டப்பட்டு 1913-ல் சேவைக்கு வந்தது. 590 அடி நீளம், எட்டு 12 அங்குல பீரங்கிகள். 1914-ல் ஜெர்மன் அட்மிரல் ஸ்பே தன் கிழக்காசியப் படையோடு தென் அமெரிக்கப் பக்கம் ஒதுங்கிப் போனதற்கு இந்த ஒரு கப்பல் பசிபிக்கில் நின்றது முக்கியக் காரணம். பிறகு பெரிய போர்க்கப்பல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போட்ட வாஷிங்டன் ஒப்பந்தத்தின்படி 1924 ஏப்ரல் 12 அன்று சிட்னி துறைமுக வாய்க்கு வெளியே கடலில் மூழ்கடித்தார்கள். அப்போது உலகம் சுற்றிவந்த பிரிட்டனின் ‘ஹூட்’ படையணி சிட்னியில் இருந்தது. கௌரவமாகத்தான் வழியனுப்பினார்கள்.

‘மூழ்கடிக்காமல் வைத்திருந்தால்?’ என்று தொடங்குவது எளிது. அங்கேயே இடிக்கிறது. கப்பல் 1921 டிசம்பரிலேயே ரிசர்வுக்குப் போய்விட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1922 பிப்ரவரியில். அதாவது பணமும் மனமும் ஒப்பந்தத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டன. அதற்கும் மேல், ஒப்பந்தம் கணக்கு வைத்தது பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் சேர்த்து. ‘ஆஸ்திரேலியா’ கப்பலை வைத்துக்கொள்ள வேண்டுமானால் லண்டன் தன்னுடைய ஒரு கப்பலைப் பலி கொடுக்க வேண்டும். 13.5 அங்குலமும் 15 அங்குலமும் கையில் இருக்கும்போது எந்த அட்மிரல் 12 அங்குலத்துக்காக அதைச் செய்வார்? போதாக்குறைக்கு இதே வகையின் மூத்த கப்பலான ‘இன்டிஃபாட்டிகபிள்’ 1916-ல் ஜட்லாண்டில் வெடித்து ஆயிரம் பேருக்கு மேல் மாண்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

எனக்குப் பிடித்த மாற்று வழி ஒன்று உண்டு. ‘ஆஸ்திரேலியா’ கப்பலை மூழ்கடித்துவிட்டு, அதே 1924-ல் பிரிட்டனின் ‘டைகர்’ பேட்டில்குரூசரை வாங்கிக்கொள்வது. டைகர் ஏற்கெனவே பிரிட்டன் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட கப்பல். அந்த ஆண்டுகளில் பீரங்கிப் பயிற்சிக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போர்க்கப்பலை அந்நிய நாட்டுக்குக் கைமாற்றக் கூடாது என்று ஒப்பந்தம் தடுத்தது. ஆஸ்திரேலியா அந்நிய நாடு அல்ல. டன் கணக்கு ஒரு டன்கூட மாறாது. திருப்பம் சின்னதாகிவிடுகிறது.

சரி, செலவு? அந்த 1924 திட்டத்தில்தான் ‘ஆஸ்திரேலியா’, ‘கான்பெரா’ என்ற இரண்டு 10,000 டன் குரூசர்கள், இரண்டு நீர்மூழ்கிகள், ‘ஆல்பட்ராஸ்’ என்ற கடல்விமானக் கப்பல் எல்லாம் வந்தன. டைகரை ஓட்ட ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்கள் வேண்டும். கரியும் எண்ணெயும் இரண்டையும் தின்னும் கொதிகலன்கள். குரூசர்களில் ஒன்றாவது போக வேண்டும். கான்பெராவை அழித்தால் 1942 ஆகஸ்டில் ஜப்பானியரோடு நடந்த சாவோ தீவுச் சண்டையில் அது மூழ்கியதும் கூடவே அழிகிறது. அங்கே வேறு யார் நின்றார்கள் என்று சொல்லியாக வேண்டும். ஒரு நூலை இழுத்தால் துணியே கையோடு வரும் வகை இது.

டாக்கும் உதைக்கும். காக்கட்டூ தீவின் சதர்லாந்து டாக் 1890-ல் கட்டி முடித்தபோது ஏறத்தாழ 635 அடி. டைகர் 704 அடி. சிட்னியில் இந்த அளவுக் கப்பல் தாராளமாக நுழையக்கூடிய கேப்டன் குக் டாக், கார்டன் ஐலண்டில் 1945-ல்தான் திறந்தது. சிங்கப்பூரின் பெரிய டாக் 1938-ல். நடுவில் பதினைந்து வருஷம் அடிப்பாகத்தைச் சுரண்ட எங்கே போவது? பிரிட்டனுக்கே போக வேண்டும். கடைசியாக, 1930 லண்டன் ஒப்பந்தம் டைகரைக் கழிவுக்கு அனுப்பியது. அதைத் தாண்டி வாழவைக்க இரண்டாவது திருப்பம் தேவை. ஒரு கதையில் இரண்டு திருப்பம் வந்தாலே படிப்பவர் புருவம் உயர்த்துவார்.

வரையும் சுகத்தில் மட்டும் இதற்கு நிகர் இல்லை. பழைய ஆஸ்திரேலியாவை எடுத்தாலும் சரி: மூன்று புகைபோக்கிகள், மூன்று கால் கொண்ட மாஸ்ட், கப்பலின் நடுவே ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் இரண்டு பக்கவாட்டுப் பீரங்கிக் கோபுரங்கள். வலப்பக்கத் தோற்றம் வரைந்தால் பின்னால் தள்ளிய கோபுரம் முழுசாகத் தெரியும். இடப்பக்கத்துக் கோபுரத்தின் முதுகு மட்டும் மேல்கட்டுமானத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். அந்த எட்டிப் பார்ப்பதைச் சரியாக வரைந்தவர் படத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். இன்னொரு வசதி: ஸ்பிரிங்ஷார்ப் என்ற இலவச மென்பொருள் ஏறக்குறைய 1850 முதல் 1950 வரையான கப்பல்களுக்கு எடை, நிலைத்தன்மை, உடல் வலிமை எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சொல்லும். கவசத்தை இரண்டு அங்குலம் ஏற்றினால் கப்பல் கவிழுமா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஏவுகணைக் காலத்துக்கு அந்த வசதி கிடையாது.

பீரங்கியும் கவசமும்தான் உங்களுக்குப் பிடிக்கும், பின்கதை எழுதவும் அலுக்காது என்றால் இதை எடுங்கள். முதல் படமாக மட்டும் வேண்டாம்.

## 1973: டி.டி.எல். நாசகாரி

பெயர் அதிகம் பேர் அறியாதது. ஆனால் நான்கில் சிறந்தது இதுதான் என்று நான் வாதாடுவேன்.

1960-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியா தனக்கென ஒரு இலகு நாசகாரியை வடிவமைக்க முனைந்தது. முதலில் பிரிட்டனோடு சேர்ந்து ஒரு பிரிகேட் (frigate, நாசகாரியைவிடச் சிறிய போர்க்கப்பல்) செய்யலாமா என்று பேச்சு. அது பிரிட்டனில் டைப் 21 ஆக முடிந்தது, ஆஸ்திரேலியா விலகிக்கொண்டது. அப்புறம் சொந்தத் திட்டம். சின்ன ரோந்துக் கப்பலாகத் தொடங்கியது, ஆளாளுக்கு ஒன்றைச் சேர்க்கச் சொல்ல, சுமார் 4,200 டன்னில் வந்து நின்றது. மெல்பர்ன் அருகே வில்லியம்ஸ்டவுனில் மூன்று கப்பல்கள் கட்டுவதாக இருந்தது. 1972 டிசம்பர் தேர்தலில் விட்லம் ஆட்சிக்கு வந்தார். 1973 ஆகஸ்டில் திட்டம் ரத்து. அதன் இடத்தில் அமெரிக்காவின் பெர்ரி வகை பிரிகேட்டுகள் அடிலெய்டு வகை என்ற பெயரில் வந்தன.

திருப்பத்தின் அளவைப் பாருங்கள். ஒரே ஒரு அமைச்சரவைக் கூட்டம் வேறு மாதிரி முடிந்தால் போதும். உலக வரலாற்றில் வேறு எதையும் தொட வேண்டாம். ஒப்பந்தம் இல்லை, போர் இல்லை. அழிய வேண்டிய கப்பல்களும் கையில் தயார்: சியாட்டிலில் டாட் தளம் கட்டிக்கொடுத்த முதல் நான்கு அடிலெய்டு வகை. நான்கு போய் மூன்று வருகிறது. ஒரு கப்பல் குறைவதால் பாரசீக வளைகுடாவுக்கோ தென் பசிபிக்குக்கோ யாரை அனுப்புவது என்ற இழுபறி தானாகவே கதைக்குள் வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு காலம். ஆஸ்திரேலியக் கப்பல்கட்டும் தளங்களுக்கு வேகம் போதாது. முதல் உலகப் போரில் காக்கட்டூ தீவில் தொடங்கிய ‘அடிலெய்டு’ குரூசர் 1922-ல்தான் முடிந்தது. மாலுமிகள் அதற்கு ‘ரொம்ப நாள் தாமதம்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். வில்லியம்ஸ்டவுனின் சொந்தக் கணக்கும் இருக்கிறது: ‘ஸ்வான்’ பிரிகேட் 1965 ஆகஸ்டில் தொடங்கி 1970 ஜனவரியில் சேவைக்கு வந்தது. அதுவும் ஏற்கெனவே தெரிந்த வடிவமைப்பு. புத்தம் புது டி.டி.எல்-ஐ 1975-ல் தொடங்கினால் முதல் கப்பல் 1981-க்கு முன் வராது. மூன்றாவது 1986 வாக்கில். படத்தின் கீழே ‘1978’ என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அந்தத் தாமதமே ராடார், ஹெலிகாப்டர் தேர்வை எல்லாம் மாற்றிவிடும்.

பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. மிச்சிகனில் கட்டிய மூன்று பெர்த் வகை நாசகாரிகளிலிருந்து 5 அங்குல பீரங்கி, ஒற்றைக் கை ஏவுகணைத் தாங்கி. ஆஸ்திரேலியாவே உருவாக்கிய இகாரா நீர்மூழ்கி எதிர்ப்பு ஏவுகணை. கொஞ்சம் பொறுத்தால் முல்லோகா சோனார். எல்லாவற்றுக்கும் நல்ல புகைப்படங்கள் இருக்கின்றன. இகாராவை வைப்பதா வேண்டாமா என்பதே ஒரு நாள் யோசனைக்குரிய விஷயம். அதன் கூண்டு பெரிது. பெர்த் வகையில் கப்பலின் நடுப்பகுதியையே விழுங்கியது. இரண்டு ஹெலிகாப்டருக்கு ஹேங்கர் வேண்டும் என்றால் இகாராவுக்கு இடமில்லை. நான் ஹேங்கர் பக்கம். வடிவமைப்பு என்பதே இப்படி ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதுதான், அதை இந்தக் கப்பல் நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

மராமத்துப் படத்துக்கும் வழிகாட்டி உண்டு. நிஜத்தில் நான்கு அடிலெய்டு வகைக் கப்பல்களுக்கு 2000-களில் முன்பக்கத்தில் எட்டு அறை செங்குத்து ஏவுகலம் பொருத்தினார்கள். அதே தொழில்நுட்பம், அதே பணம், உங்கள் டி.டி.எல். மேல் எங்கே உட்காரும் என்று யோசித்தால் இரண்டாவது படம் தயார்.

குறை? முழு வடிவமைப்பு வரைபடம் மேசைமேல் இல்லை. பொதுவான அளவுகளை வைத்துக்கொண்டு உடலை நீங்களே வளைக்க வேண்டும். அதை ஒருவர் பயமாகப் பார்ப்பார், இன்னொருவர் சுதந்திரமாக. ‘நிஜ வரைபடத்தோடு ஒப்பிட்டால் மூன்று அடி தப்பு’ என்று யாரும் வந்து நிற்க முடியாது என்பது எனக்கு இனிக்கிறது.

## 1982: இன்வின்சிபிள்

எல்லோருக்கும் தெரிந்த திருப்பம். ‘மெல்பர்ன்’ விமானந்தாங்கிக்கு வயதாகிவிட்டது. நம் பழைய ‘விக்ராந்த்’ எந்த வகையோ அதே மஜெஸ்டிக் வகை அது. மாற்றாக பிரிட்டனின் புத்தம் புது இன்வின்சிபிளை 17.5 கோடி பவுண்டுக்கு வாங்குவதென்று 1982 பிப்ரவரியில் முடிவானது. ‘ஆஸ்திரேலியா’ என்று பெயரும் வைத்தாயிற்று. ஏப்ரலில் அர்ஜென்டினாவோடு பால்க்லாந்து போர். போருக்குப் பிறகு பிரிட்டன் கப்பலை வைத்துக்கொண்டது. 1983-ல் வந்த ஹாக் அரசு விமானந்தாங்கியே வேண்டாம் என்றது.

காகிதம் அத்தனையும் இருக்கிறது, விலைகூட இருக்கிறது. ஆனால் போரை நீக்க அர்ஜென்டினாவின் உள் அரசியலைத் தொட வேண்டும். போர் நடந்தும் விற்பனை ஒப்பந்தம் கலையாமல் நிலைத்தது என்று வைத்தால் அது எளிது. அதைத்தான் நான் சொல்வேன்.

பெரிய பொறி விமானத்தில் இருக்கிறது. மெல்பர்னில் பறந்த ஸ்கைஹாக் போர் விமானங்களுக்கு டெக்கிலிருந்து உந்தி எறியும் கருவியும் இறங்கும்போது பிடிக்கும் கம்பியும் வேண்டும். இன்வின்சிபிளில் இரண்டும் இல்லை. அந்த விமானங்களை அப்படியே டெக்கில் நிறுத்தி வரைந்த படங்கள் கணிசம்; பார்க்க அழகு, ஆனால் ஒன்றும் பறக்காது. நிஜத்தில் அவற்றில் பத்தை 1984-ல் நியூசிலாந்துக்கு விற்றுவிட்டார்கள். இங்கே கப்பலின் விலைக்கு மேல், குறுகிய ஓட்டத்தில் கிளம்பிச் செங்குத்தாக இறங்கும் ஹாரியர் விமானங்களை வாங்க வேண்டும், விமானிகளைப் பழக்க வேண்டும். அதற்கு எதைப் பலி கொடுப்பது? வில்லியம்ஸ்டவுனில் கட்டி 1992, 1993-ல் வந்த கடைசி இரண்டு அடிலெய்டு வகைக் கப்பல்களை நான் அழிப்பேன். அது போதாது என்றால் காலின்ஸ் நீர்மூழ்கிகளில் கை வைக்க வேண்டும், அங்கே கதை கனமாகிவிடும்.

வரைவதில் இது ஏமாற்றும். முதல் பார்வைக்குச் சுலபம்: நிஜக் கப்பல் இருக்கிறது, கொடியையும் எண்ணையும் மாற்றினால் முடிந்தது. அப்படிச் செய்தால் அது பெயின்ட் மாற்றிய படம், வடிவமைப்பு அல்ல. உண்மையான வேலை முன்பக்கத்தில் நிற்கும் சீ டார்ட் ஏவுகணைத் தாங்கியில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியா அந்த ஏவுகணையைப் பயன்படுத்தவில்லை; அமெரிக்க ஸ்டாண்டர்டு வகையோடு ஓடிய கடற்படை அது. ஒரே கப்பலுக்காக வேறு ஏவுகணை, வேறு உதிரிப்பாகம், வேறு பயிற்சி வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதைக் கழற்றினால் அந்த இடத்தில் என்ன வரும், விமானம் எழும்ப உதவும் முன்முனைச் சறுக்குத் தளத்தை எவ்வளவு உயர்த்தலாம், முன்டெக்கில் எத்தனை விமானம் கூடுதலாக நிற்கும் என்ற கேள்விகள்தான் படத்தை உங்களுடையதாக்கும். இன்னொன்று, பக்கவாட்டுத் தோற்றத்தில் விமானந்தாங்கியின் பாதி விஷயம் மறைந்துவிடும். மேலிருந்து பார்க்கும் படமும் கட்டாயம். உழைப்பு இரட்டிப்பு.

விமானம் வரையப் பிடித்தவர்களுக்கு இது சரி. கப்பலைவிட டெக் மேல் நிற்பவைதான் அவர்களுக்கு முக்கியமாக இருக்கும்.

## 2007: தோற்ற வடிவமைப்பு

சுருக்கமாகவே சொல்கிறேன், எனக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை. வான்பாதுகாப்பு நாசகாரிக்கான போட்டியில் ஸ்பெயினின் எஃப்-100 வென்றது. அதுவே இன்றைய ஹோபார்ட் வகை. தோற்றது அமெரிக்க கிப்ஸ் அண்ட் காக்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு, அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகை நாசகாரியின் தம்பி மாதிரி. வென்றதில் 48 ஏவுகணை அறைகள்; தோற்றதில் 64, கூடவே இரண்டு ஹெலிகாப்டர். திருப்பம் ஒரே ஒரு முடிவு. அழிவது மூன்று ஹோபார்ட் வகை. டாக் பிரச்சினை இல்லை. காகிதத்தில் எல்லாப் பாடத்திலும் தேறிவிடும்.

வரைய உட்கார்ந்தால் தெரியும் சப்பை. ராடாருக்குத் தெரியாமல் இருக்கவென்று எல்லாப் பரப்பையும் வழுவழுப்பாக்கிவிட்ட காலம். பெரிய சாம்பல் பலகைகள், எண்கோண ராடார் முகம், அவ்வளவுதான். பிக்சலில் வரைந்தால் வெறிச்சென்று இருக்கும். நவீன கப்பல் பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டெனாவும் தெரியும் என்பதால் பிழை தேடும் கூட்டமும் அதிகம். இன்றைய கான்பெரா வகைத் தரையிறக்கக் கப்பல்களின் 13 டிகிரி சறுக்குத் தளத்தில் எஃப்-35பி போர் விமானங்களை ஏற்றலாம் என்ற யோசனையும் இதே ரகம். 2014-ல் பிரதமர் டோனி அபட் காலத்தில் நிஜமாகவே ஆராய்ந்து விட்டுவிட்டார்கள். முப்பரிமாண மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இந்தக் காலம் பொருந்தும், அங்கே தட்டையான பரப்பு ஒரு வரம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | 1924 டைகர் | 1973 டி.டி.எல். | 1982 இன்வின்சிபிள் | 2007 நாசகாரி |
|---|---|---|---|---|
| மாற வேண்டியது | கைமாற்றம், பிறகு 1930 ஒப்பந்தமும் | ஒரு அமைச்சரவை முடிவு | போருக்குப் பிந்தைய ஒரு முடிவு, 1983 அரசின் மனம் | ஒரு தேர்வு |
| அழிவது | குரூசர் கான்பெரா | முதல் நான்கு அடிலெய்டு வகை | கடைசி இரண்டு அடிலெய்டு வகை | மூன்று ஹோபார்ட் வகை |
| டாக் | 1938 வரை பக்கத்தில் இல்லை | வில்லியம்ஸ்டவுன், மெதுவாக | கேப்டன் குக் டாக் போதும் | சிக்கல் இல்லை |
| மறைந்த செலவு | எரிபொருள், ஆட்கள், சாவோ தீவு | தாமதம் | ஹாரியர்கள், மேல்தோற்றப் படம் | சலிப்பு |
| சரிபார்க்கும் கருவி | ஸ்பிரிங்ஷார்ப் | ஒப்பிட நிஜக் கப்பல்கள் | நிஜக் கப்பலே | ஓரளவு |
| யாருக்கு | பின்கதை பிரியர்கள் | முதல் முறை வரைபவர்கள் | விமானப் பிரியர்கள் | முப்பரிமாணக்காரர்கள் |

## கருவியைப் பற்றிக் கொஞ்சம்

திருப்பத்தைத் தேர்ந்த பிறகு அடுத்த தயக்கம் இது. ஷிப்பக்கெட் என்ற இணையக் கப்பல் வரைபவர் குழுவின் பாணியிலான பிக்சல் படத்தில் ஒரு பிக்சல் என்பது ஆறு அங்குலம். பழைய ஆஸ்திரேலியா 1,180 பிக்சல் வரும், இன்வின்சிபிள் 1,370-ஐத் தாண்டும், மனிதன் பதினொன்று, பன்னிரண்டு பிக்சல் உயரம். 12 அங்குல பீரங்கியின் துளை மட்டுமே இரண்டு பிக்சல். இந்தக் கட்டுப்பாடு நல்லது. எதை விடலாம் என்று அதுவே சொல்லிவிடும். மற்றவர் வரைந்த பீரங்கியையோ ராடாரையோ எடுத்து ஒட்டினால் அவர் பெயரைப் படத்தில் போடுவது அங்கே மரபு, அதை மறக்க வேண்டாம்.

வெக்டர் மென்பொருளில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம் என்பதே ஆபத்து. ஒரு கப்பலின் திருகாணிகளை வரைந்துகொண்டே ஆறு மாதம் ஓடிவிடும். முப்பரிமாணம் எல்லாக் கோணத்தையும் தரும், ஆனால் பக்கவாட்டுப் படத்தில் மறைத்துவிடக்கூடிய முடிவுகளை எல்லாம் எடுக்க வைக்கும்: படகை இறக்கும் கிரேன் கை எங்கே சுற்றும், ஏவுகணை கிளம்பும்போது புகை எங்கே போகும்.

காகிதத்தைத் தள்ளிவிடாதீர்கள். கிராஃப் தாளில் ஒரு மில்லிமீட்டருக்கு அரை மீட்டர் என்று வைத்தால், அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு, ஆஸ்திரேலியா 36 சென்டிமீட்டர். ஏ3 தாளில் வசதியாக உட்காரும். இன்வின்சிபிள் 209 மீட்டர், ஏ3-ன் விளிம்பை முட்டிக்கொண்டு நிற்கும். நான் உடலின் வளைவைத் தாளில் முடிவு செய்துவிட்டுத்தான் திரைக்குப் போவேன். வளைவு கைக்கு வருகிற மாதிரி சுட்டிக்கு வருவதில்லை.

எந்தக் கருவியானாலும் ஆண்டோடு மோதும் சில விவரங்கள் உண்டு. 1967 மார்ச்சுக்கு முன் பின்புறத்தில் பறந்தது பிரிட்டனின் வெள்ளைக் கொடி. அதற்குப் பிறகுதான் ஆஸ்திரேலியாவின் சொந்த வெள்ளைக் கொடி. டி.டி.எல்-க்கு இன்றைய கப்பல்களின் சாம்பல் நிறம் பூசாதீர்கள்; அந்தக் காலத்தில் லேசாகப் பச்சை கலந்த சாம்பல். புகைபோக்கியில் சிவப்புக் கங்காரு வையுங்கள், கப்பல் எந்த நாட்டுடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மாஸ்ட்டின் உயரம் இன்னொன்று. காக்கட்டூ தீவு சிட்னி துறைமுகப் பாலத்துக்கு மேற்கே, உட்புறம் இருக்கிறது, கடல் கிழக்கே. 1932-க்குப் பிறகு அங்கே கட்டும் எந்தக் கப்பலும் பாலத்தின் கீழ் நுழைந்துதான் வெளியே வர வேண்டும், கிடைக்கும் உயரம் சுமார் 49 மீட்டர். 1930-களின் கற்பனைக் குரூசருக்கு ஆசைப்பட்டு வானளாவ மாஸ்ட் வைத்திருந்தால், நீர்மட்டக் கோட்டிலிருந்து ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஷிப்பக்கெட் அளவில் 49 மீட்டர் என்பது ஏறக்குறைய 320 பிக்சல்.